இரண்டே நாளில் கண்டுபிடித்தோமாம்

மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாதமாகக் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒருவருக்கும் காரணம் பிடிபடவில்லை. தமிழ்நாட்டுக்குத் தகவல் வந்ததும் ஆயுத பூஜை விடுமுறை என்றும் பாராமல் நம் அதிகாரிகள் ஓடினார்கள், இரண்டே நாளில் விஷத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கோல்ட்ரிஃப் சளி மருந்தைப் பற்றி நம் பக்கத்தில் நிலைத்துவிட்ட கதை இது. சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்துக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பவர்கள் இதைச் சொல்கிறார்கள். தொலைக்காட்சியில் உட்கார்ந்திருக்கும் படித்தவர்கள் இதையே கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொல்கிறார்கள். கதையின் பின்பாதியும் கூடவே வரும்: அது ஏதோ ஒரு மோசமான சின்னக் கம்பெனி, முதலாளியைப் பிடித்தாயிற்று, உரிமத்தை ரத்து செய்தாயிற்று, ஆய்வாளர்கள் இருவரைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து நீக்கியாயிற்று. முடிந்தது.

முடியவில்லை. அந்த இரண்டு நாள் பெருமையே நமக்கு எதிரான சாட்சி என்பது என் கட்சி.

நடந்தவற்றை நான் மறுக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில், பெரும்பாலும் பராசியா வட்டாரத்தில், 2025 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, சளி காய்ச்சலுக்கு மருந்து குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே போனது ஏதோ நச்சு என்ற சந்தேகம் வலுத்தது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்; பெரும்பாலோர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். அக்டோபர் 1 அன்று தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் தகவல் வந்தது. அன்றைக்கே, கோல்ட்ரிஃப்பைத் தயாரித்த, சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் தொழிற்கூடத்துக்குள் ஆய்வாளர்கள் போனார்கள். அக்டோபர் 3 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், தான் சோதித்த மாதிரிகளில் நச்சு எதுவும் இல்லை என்று அறிக்கை விட்டது. சென்னை ஆய்வகமோ எஸ்.ஆர்.13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருப்பதாகச் சொன்னது. டெல்லிக்கு அகப்படாதது சென்னைக்கு அகப்பட்டது. வேகமும் உண்மை, திறமையும் உண்மை.

ஆனால் எஸ்.ஆர்.13 தயாரானது 2025 மே மாதம். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று எண்ணிப் பாருங்கள். சென்னை ஆய்வகம் அப்போதும் இருந்தது. கருவி இருந்தது, அதை இயக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், சுங்குவார்சத்திரத்துக்குப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையும் இருந்த இடத்தில்தான் இருந்தது. அக்டோபரில் இரண்டு நாளில் முடிந்த காரியம் ஜூனிலும் இரண்டு நாளில் முடிந்திருக்கும். கையாலாகாத துறை ஒன்றைத் தவறவிட்டால் அதற்கு ஒரு சமாதானமாவது சொல்லலாம். இரண்டு நாளில் கண்டுபிடிக்கத் தெரிந்த துறை ஐந்து மாதம் அந்தத் தொகுதிப் பக்கம் திரும்பாமல் இருந்ததற்கு என்ன சமாதானம்? அதைச் சோதித்தாக வேண்டும் என்ற கடமை அரசில் யாருக்கும் இல்லை என்பதுதான். குழந்தை செத்த பிறகு வந்த கடிதம்தான் அந்தக் கடமையை உண்டாக்கியது.

டைஎத்திலீன் கிளைக்காலைப் பற்றி நம் வட்டாரத்துக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் வண்டிகளில் ஊற்றுகிற பிரேக் ஆயில், கூலண்ட் வகையறாவோடு சேர்ந்த ரசாயனக் குடும்பம் அது. நிறம் கிடையாது, கொழகொழவென்று இருக்கும், நாக்கில் இனிக்கும். சளி மருந்தில் சேர்க்கிற பாராசிட்டமால் வெறும் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. அதைச் சிரப் ஆக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சார்பிட்டால் மாதிரி ஒரு கரைப்பான் தேவைப்படுகிறது. மருந்துத் தரத்தில் விற்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கு விலை அதிகம். தொழிற்சாலைத் தரத்தில் விற்பது மலிவு. டிரம்மில் ஒட்டியிருக்கும் தாளைத் தவிர இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. மலிவான டிரம்மில் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்தால் மோந்து பார்த்தும் தெரியாது. உடலுக்குள் போனதும் அது டைகிளைக்காலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தின் நுண்குழல் செல்களில் தங்கி அவற்றைக் கொல்கிறது. மருந்தில் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். புட்டியில் இருந்தது அதைப்போல 486 மடங்கு. கை தவறிச் சிந்திய அளவு இல்லை இது. பாதிப் புட்டி அதுதான். இவ்வளவு இருந்தால் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம்கூட வேண்டாம். கல்லூரி வேதியியல் கூடத்தில் செய்கிற மெல்லடுக்கு நிறப்பிரிகைச் சோதனையே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி அந்த 'மோசமான சின்னக் கம்பெனி'க்கு வருவோம். உரிமம் இல்லாமல் வீட்டுக் கொல்லையில் காய்ச்சிய மருந்து என்றால் இந்த வாதத்தை நானும் ஏற்பேன். ஆனால் ஸ்ரீசனுக்கு 2011-இல் உரிமம் கொடுத்தது தமிழ்நாட்டு அரசு, 2016-இல் புதுப்பித்ததும் அதே அரசு. இரண்டு ஆண்டுகளிலும் கோட்டையில் யார் இருந்தார்கள் என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும், எனக்கு அதில் அக்கறை இல்லை. அக்டோபரில் உள்ளே போன அதிகாரிகள் 364 குறைபாடுகளை எழுதினார்கள். அவற்றில் 39 மிகக் கடுமையானவை, 325 பெரியவை. முந்நூற்று அறுபத்து நான்கு குறைகள் ஒரு ராத்திரியில் முளைக்காது. ஆய்வாளர்கள் இருவரைப் பணியிலிருந்து நிறுத்தியதற்கு அரசு சொன்ன காரணமே, இரண்டு ஆண்டுகளாக அந்த இடத்தை அவர்கள் முறையாக ஆய்வு செய்யவில்லை என்பதுதான். சரி, அந்த இருவர்தான் சோம்பேறிகளா? இந்தச் சாவுகளுக்கு முன்பே வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தமிழ்நாட்டில் மருந்து ஆய்வுகள் இலக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவதாகவும், மாதிரி எடுப்பது ஏறக்குறைய பாதிதான் நடப்பதாகவும் ஆண்டுவாரியாகச் சொல்லியிருந்தது. இரண்டு பேர் தூங்கியதால் வந்த வினையாக இதைச் சுருக்குவது மற்ற எல்லோருக்கும் வசதி.

'ஒரே ஒரு கம்பெனி' என்ற ஆறுதலுக்கு வயது எண்பதுக்கு மேல். 1937-இல் அமெரிக்காவில் மாசெங்கில் கம்பெனி சல்பனிலமைடு மருந்தை இதே டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அரசு ஆய்வாளர்கள் நாடு முழுக்க அலைந்து, தயாரித்த 240 கேலனில் 234 கேலனை மீட்டார்கள், மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. நம் கதை வேறு மாதிரி. 1972-இல் இதே சென்னையில் குழந்தைகளுக்கான சிரப்பில் இதே பொருள் இருந்து பதினைந்து பேர் அளவில் இறந்தார்கள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினில் இருந்தது. 14 பேர் இறந்தார்கள், நீதிபதி லெண்டின் ஆணையம் பக்கம் பக்கமாக எழுதியது. 1998-இல் குருகிராம் பக்கத்துக் குழந்தைகள் முப்பதுக்கும் மேல். 2019 கடைசியில் ஜம்முவின் ராம்நகர். 2022-இல் ஹரியானா கம்பெனி அனுப்பிய சிரப்பால் காம்பியாவில் எழுபது குழந்தைகள் அளவில், அதே ஆண்டு நொய்டா கம்பெனி மருந்தால் உஸ்பெகிஸ்தானில். ஒவ்வொரு முறையும் அது ஒரே ஒரு கம்பெனிதான்.

நான் வாழ்கிற சாலைக்கு இது ஏன் இன்னும் உறுத்த வேண்டும் என்று சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையின் இருபக்கமும் வண்டிக் கம்பெனிகள். உள்ளே தள்ளி அவற்றுக்குப் பொருள் கொடுக்கும் வெண்டர்கள். இங்கே வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒரு ரப்பர் புஷ் லாரியில் வந்து இறங்கினால் அது நேராக லைனுக்குப் போகாது. இன்கமிங்கில் நிற்கும். லாட் நம்பர் பார்ப்பார்கள், வெண்டர் அனுப்பிய டெஸ்ட் சர்டிபிகேட்டைப் பார்ப்பார்கள், அதை மட்டும் நம்பாமல் அந்த லாட்டிலிருந்து நாலு பீஸ் எடுத்துத் தாங்களும் அளப்பார்கள். அளவு ஒத்துவராவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். ரப்பரை எந்தச் சப்ளையரிடம் வாங்கினாய் என்ற கேள்வி அதற்கும் கீழே இருக்கிற வெண்டர் வரை போகும். வண்டி விற்று மூன்று வருஷம் கழித்து புஷ் உடைந்தால், எந்தத் தேதியில் எந்த ஷிப்டில் எந்த லாட் என்று சொல்ல ஏடு இருக்கும். இதையெல்லாம் செய்ய வைத்தது அரசு ஆய்வாளர் இல்லை. வாங்குகிறவன் விற்கிறவனுடைய சொல்லை அப்படியே நம்புவதில்லை, அவ்வளவுதான்.

அதே சாலையைப் பிடித்து ஸ்ரீபெரும்புதூர் போய், பெங்களூரு நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் சுங்குவார்சத்திரம். அங்கே குழந்தையின் வாய்க்குள் போகிற பொருளுக்கான கரைப்பானை வாங்கியபோது யார் இன்கமிங் பார்த்தது? சட்டத்தில் விதி இல்லாமல் இல்லை. மருந்து விதிகளின் 74-ஆம் விதி, உரிமதாரர் ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும், தயாரான ஒவ்வொரு தொகுதி மருந்தையும் தன் ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ சோதித்துப் பதிவேடு வைக்க வேண்டும் என்கிறது. சாவுகளுக்குப் பிறகு மத்தியக் கட்டுப்பாட்டாளர் எல்லா மாநிலங்களுக்கும் இந்த விதியைத்தான் நினைவூட்டினார். விதியைப் படித்துப் பாருங்கள். செய்கிறவனே சோதிக்கிறான், சோதித்தவனே எழுதுகிறான், எழுதியது அவனுடைய அலமாரியிலேயே இருக்கிறது. ஆய்வாளர் வந்தால் காட்டுவான். ஆய்வாளர் இரண்டு வருஷம் வரவில்லை.

'எல்லா மருந்தையும் விற்பனைக்கு முன்னால் சோதிக்க முடியுமா சார், இது நடக்கிற காரியமா' என்று கேட்கிறார்கள். நடக்கிறது. இந்த நாட்டிலேயே, சிலருக்காக, நடந்துகொண்டிருக்கிறது.

காம்பியாவுக்குப் பிறகு வெளிநாட்டில் மானம் போனது. 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு அரசு ஆய்வகத்தின் சோதனைச் சான்று இல்லாமல் கப்பலேறக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. அதற்கான ஆய்வகங்களின் பட்டியலில் சென்னையில் இருக்கும் மத்திய ஆய்வகமும் உண்டு. ஆக, அந்நிய நாட்டுக் குழந்தைக்குப் போகிற புட்டியைச் சென்னையில் சோதிக்கிறார்கள். பராசியாவுக்கும் புதுச்சேரிக்கும் ஒடிசாவுக்கும் போகிற புட்டி சோதனை இல்லாமல் லாரி ஏறுகிறது. கோல்ட்ரிஃப் காம்பியாவுக்குப் போவதாக இருந்திருந்தால் துறைமுகத்திலேயே மாட்டியிருக்கும். இதைவிட வெட்கக்கேடான வாக்கியத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. தடுப்பூசிகளுக்கும் கசௌலி மத்திய ஆய்வகம் தொகுதி தொகுதியாகப் பார்த்து விடுவித்த பிறகுதான் வெளியே வர முடியும்.

மூன்றாவது உதாரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கிக் கொடுக்கிறது. கம்பெனி அனுப்பிய மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் தனியே வைக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுப்பார்கள். கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு, வெளி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். எந்தக் கம்பெனியின் சரக்கைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்கே தெரியாது. தேறினால்தான் கிடங்கை விட்டு நகரும். தேறாத கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகும். முப்பது ஆண்டுகளாக இது நடக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் தொடங்கியிருக்கின்றன.

இதன் பொருள் என்ன? செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரையை, அதைச் செய்யாத ஒருவர் சோதித்திருக்கிறார். பக்கத்து மெடிக்கலில் நூற்றுச் சொச்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் சிரப்பை, அதைச் செய்தவர் மட்டும்தான் சோதித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். ஆனால் கோல்ட்ரிஃப் செய்தி வந்த நாள் முதல் நம் பக்கத்தில் பரவிய அறிவுரை என்ன? 'மலிவு மருந்து வாங்காதே, ஜி.எச். மாத்திரையை நம்பாதே, காசு போனாலும் நல்ல பிராண்டாக வாங்கு.' கோல்ட்ரிஃப் என்பதே ஒரு பிராண்டுதானய்யா! அரசு மருந்தகத்தில் கொடுத்த மருந்தும் இல்லை அது. டாக்டர் சீட்டில் எழுதி, கடையில் காசு கொடுத்து வாங்கியது. இந்த அறிவுரையால் லாபம் அடைகிறவர்கள் யார் என்று பார்த்தால், சோதனை என்ற பேச்சையே விரும்பாத பெரிய கம்பெனிகள்தான். ஒப்பந்த மாத ஊதியத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிற தகப்பன், சோதித்த இலவச மருந்தை விட்டுவிட்டு சோதிக்காத விலை மருந்தை வாங்கப் போகிறான். அதுவும் பிள்ளை மேல் உள்ள அக்கறையில்.

டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்தை எழுதிய டாக்டரை மத்தியப் பிரதேசப் போலீஸ் கைது செய்தது, மருத்துவர் சங்கம் கொதித்தது. புட்டிக்குள் விஷம் இருந்ததற்கு எழுதியவர் பொறுப்பில்லை என்பது சரி. அந்தப் புட்டியை எழுதியிருக்கவே வேண்டுமா என்ற கேள்வி அதனால் மறைந்துவிடாது. கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்தியக் கட்டுப்பாட்டாளர் சொல்லியாயிற்று. இரண்டு வயதுக்குள் சளி மருந்தே வேண்டாம், ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு மறுபடியும் சொன்னது. குழந்தைகளின் சளியில் பெரும்பகுதி தானே போய்விடும். இது டாக்டர்களுக்குத் தெரியும். ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புகிற அம்மா, 'நைட்டு தூங்கணும் டாக்டர், ஏதாவது சிரப் எழுதிக் குடுங்க' என்று நின்றால், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்கப் பத்து நிமிஷம் ஆகும். சிரப் எழுத அரை நிமிஷம். எழுதாத டாக்டரை விட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகிறோம் நாமும். ஆனால் இதைச் சொல்லி அரசின் பொறுப்பை டாக்டர் தலையிலோ தாயின் தலையிலோ கட்ட நான் தயாரில்லை. தேவையில்லாத மருந்து குடித்தால் காசுதான் வீணாக வேண்டும், உயிர் போகக் கூடாது.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க வாதம் ஒன்று உண்டு. தரம் என்பது தயாரிக்கும் இடத்தில் உருவாவது, கடைசியில் சோதித்துக் கொண்டுவர முடியாது. ஆகவே திருத்திய 'எம்' அட்டவணையை, அதாவது புதிய தயாரிப்பு நெறிகளை, எல்லாத் தொழிற்கூடங்களிலும் அமலாக்கினால் போதும் என்கிறார்கள் மருந்தியல் அறிந்தவர்கள். நெறிகள் வேண்டும்தான். ஆனால் அவை அரசிதழில் ஏறியது 2023-24இல். சிறு, குறு நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் நீட்டப்பட்டது. எஸ்.ஆர்.13 அந்த அவகாசத்துக்குள் பிறந்தது. 364 குறை உள்ள இடம் பதினான்கு ஆண்டு நடந்த ஊரில், புதிய நெறிகளைக் காகிதத்தில் காட்டுவது என்ன கஷ்டம்? கரைப்பான்களின் போக்குவரத்தை இணையதளத்தில் பதிய வேண்டும் என்ற பிந்தைய ஆணைக்கும் இதே கதி நேரலாம்: பில் இல்லாமல் வாங்கிய டிரம் எந்த இணையதளத்தில் ஏறும்? போதாக்குறைக்கு 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம், தரக்குறைவான மருந்துக் குற்றங்களில் ஒரு பிரிவைப் பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஆக்கிவைத்திருக்கிறது. சந்தையிலிருந்து மருந்தைத் திரும்பப் பெறுவதற்கு வழிகாட்டுதல் உண்டு, அதற்கென்று தனிச் சட்டம் இல்லை.

எல்லா மருந்தையும் சோதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மாத்திரையில் இந்த விஷம் வராது. வாய்வழி திரவ மருந்துகள், அவற்றுக்கான நாலைந்து கரைப்பான்கள், இவ்வளவுதான் கணக்கு. கம்பெனி கொண்டுவந்து கொடுக்கும் மாதிரியைச் சோதித்தால் பயனில்லை. அவன் நல்ல புட்டியாகப் பார்த்துக் கொடுப்பான். மருத்துவப் பணிகள் கழகம் செய்வது மாதிரி, மொத்த வியாபாரியின் கிடங்கில் துறையே எடுத்து, பெயரை மறைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரும் வரை அந்தத் தொகுதியை நிறுத்திவைக்க வேண்டும். புட்டிக்கு ஒரு ரூபாய் கூடினால் கூடட்டும். நிறுத்திவைக்கப் புதிய விதி தேவைப்படலாம். மாதிரி எடுக்கத் தேவையில்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு எந்தத் தொழிற்கூடத்திலும் கிடங்கிலும் கடையிலும் நுழைந்து மாதிரி எடுக்கும் அதிகாரத்தை ஆய்வாளருக்குக் கொடுத்திருக்கிறது. அக்டோபர் 1 அன்று சுங்குவார்சத்திரத்தில் பயன்படுத்தியதும் அதே அதிகாரம்தான்.

அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவை மெடிக்கல் கடைக்காரர்களே பலர் படித்திருக்க மாட்டார்கள். காசு கொடுத்து மருந்து வாங்கிய எவரும், அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கமும், குறித்த கட்டணத்தைக் கட்டி, அந்த மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட அறிக்கையைக் கேட்டுப் பெறலாம் என்கிறது அது. ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் சங்கம் வைத்திருக்கிறவர்கள் உணவின் தரத்துக்காக, பஸ்ஸுக்காக, கழிவறைக்காகப் போராடியிருக்கிறார்கள். இந்தச் சாலையோரத்து மெடிக்கல்களில் விற்கும் குழந்தை மருந்துகளிலிருந்து மாதம் ஒரு லாட் எடுத்து, பில்லோடு, கட்டணத்தோடு சென்னைக்கு அனுப்ப அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதிரி எடுப்பதுதான் அவர்களில் பலருக்குத் தினசரி வேலை. அறிக்கை இரண்டு நாளில் வந்துவிடுமே. அதை நாம்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.